கழுத்தும் தோளும்: உடலமைப்பு, உடல் தோரணை, உடற்பயிற்சிப் பயிற்றுநர்களுக்கு வரும் பாதிப்புகள்

கழுத்து வலியும் தோள்பட்டை வலியும் எவருக்கும் வரலாம். ஆயினும் பிலாட்டீஸ், யோகா போன்ற பயிற்சிகளைக் கற்பிக்கும் பயிற்றுநர்கள் இவ்வலியை வெளியில் சொல்லத் தயங்குகின்றனர். உடலைப் பேணக் கற்றுத் தருபவருக்கே உடல் வலி என்றால் மாணவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமே அதற்குக் காரணம். தயக்கத்தால் சிகிச்சை தள்ளிப்போகிறது. சில வாரங்களில் தணிந்திருக்க வேண்டிய வலி பல மாதங்கள் நீடிக்கிறது.

நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் பணி ஓய்வு பெற்றோர் பெருமளவில் வசிக்கின்றனர். அங்குள்ள பூங்காக்களிலும் வீட்டு மாடிகளிலும் நடைபெறும் பயிற்சி வகுப்புகளுக்கு வருவோரில் பலர் 60 வயதைக் கடந்தவர்கள். ஆகவே இப்பக்கம் பயிற்றுநர்களுக்கு மட்டுமன்றி, பயிற்சி பெறுவோருக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் உரியது. எந்த வலியை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம், எந்த வலிக்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்பதைத் தெளிவுபடுத்துவதே இதன் நோக்கம்.

கழுத்தின் அமைப்பு

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ எடை கொண்டது. அந்த எடையைத் தாங்குவதோடு, எல்லாத் திசைகளிலும் தலை திரும்பவும் இவ்வெலும்புகள் இடமளிக்கின்றன.

முதல் எலும்பு வளையம் போன்றது. மண்டையோடு இதன்மேல் அமர்ந்துள்ளது. ‘ஆம்’ என்று தலையசைக்கும் அசைவு பெரும்பாலும் இங்கு நிகழ்கிறது. இரண்டாம் எலும்பிலிருந்து மேல்நோக்கி ஒரு முளை நீண்டிருக்கும். அம்முளையை அச்சாகக் கொண்டு முதல் எலும்பு சுழல்கிறது. கழுத்தை இடமும் வலமும் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மூட்டில் நிகழ்கிறது.

இரண்டாம் எலும்புக்குக் கீழே, ஒவ்வோர் இரு எலும்புகளுக்கும் இடையில் ஒரு வட்டு உள்ளது. பேச்சு வழக்கில் இதனை ஜவ்வு என்றும் டிஸ்க் என்றும் கூறுவர். இது அதிர்வைத் தாங்கும் மெத்தை போன்றது. வயது ஏற ஏற இதிலுள்ள நீர்ச்சத்து குறைந்து உயரமும் குறையும். 5, 6, 7 ஆகிய எலும்புகளுக்கு இடைப்பட்ட வட்டுகளிலேயே இம்மாற்றம் மிகுதியாகக் காணப்படுகிறது.

முள்ளெலும்புகளின் நடுவிலுள்ள குழாய் போன்ற பாதையில் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து 8 இணை நரம்புகள் பிரிகின்றன. கீழ்ப்பகுதியிலிருந்து பிரியும் நரம்புகள் தோள், கை, விரல்கள் ஆகியவற்றுக்குச் செல்கின்றன. கழுத்தெலும்புகளின் இரு பக்கங்களிலும் உள்ள துளைகள் வழியாக மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் ஏறுகின்றன. கழுத்தைத் திடீரென முறுக்குவது ஏன் ஆபத்தானது என்பதற்கு இத்தமனிகளே காரணம்.

கழுத்தின் முன்புறத்தில், எலும்பை ஒட்டி, சிறிய ஆழ்தசைகள் உள்ளன. தலையை நிலையாகப் பிடித்துவைப்பது இவற்றின் பணி. இவை வலுவிழந்தால், மேலே உள்ள பெரிய தசைகள் அப்பணியைச் செய்ய முற்பட்டு விரைவில் களைத்துப்போகின்றன.

தோளின் அமைப்பு

தோள் என்பது ஒரே மூட்டு அன்று. காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்கும் தொகுதி அது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. குழி ஆழமற்றது என்பதால் கை பல திசைகளிலும் எளிதாக அசைகிறது. அதே காரணத்தால் மூட்டின் உறுதி தசைகளையே பெரிதும் நம்பியிருக்கிறது.

அந்த உருண்டைத் தலையைக் குழியின் நடுவில் பிடித்துவைப்பவை 4 சிறிய தசைகள். இவற்றைச் சுழற்றுத் தசைத் தொகுதி எனலாம். இவற்றுள் மேலே உள்ள தசையின் நாண், எலும்புக் கூரை ஒன்றின் அடியில் குறுகிய இடைவெளி வழியாகச் செல்கிறது. தோள் வலிகளில் பல இந்நாணில் தொடங்குகின்றன.

கையைத் தலைக்கு மேல் 180 பாகை உயர்த்தும்போது, ஏறத்தாழ 120 பாகை தோள் மூட்டிலும் 60 பாகை தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின்மேல் சுழல்வதாலும் கிடைக்கிறது. தோள்பட்டை எலும்பு சரிவரச் சுழலாவிட்டால், மீதியை ஈடுசெய்யத் தோளைக் காதுவரை தூக்க நேரிடும். கையை உயர்த்தும்போது தோளும் காதை நோக்கி எழுவதைக் கண்ணாடியில் பார்த்தே அறியலாம்.

கழுத்தும் தோளும் ஏன் சேர்ந்தே வலிக்கின்றன

பிடரியிலிருந்து தோள்வரை விரியும் ட்ரபீசியஸ் தசையும், மேல் கழுத்தெலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல்மூலைக்கு இறங்கும் தசையும் கழுத்தையும் தோளையும் இணைக்கின்றன. தோள்பட்டை எலும்பு தளர்ந்தால் கழுத்து இழுபடும். கழுத்து இறுகினால் தோள் தூக்கிக்கொள்ளும்.

நரம்புகளும் இவ்விரு பகுதிகளையும் இணைக்கின்றன. கழுத்தில் நரம்பு அழுத்தப்பட்டாலும் வலி தோள்பட்டையிலோ விரலிலோ உணரப்படலாம். மேலும், இதயத்தில் ஏற்படும் பாதிப்பு இடத் தோளிலும், பித்தப்பையின் பாதிப்பு வலத் தோளிலும் வலியாகத் தோன்றலாம். எனவே வலி உள்ள இடத்திலேயே காரணமும் இருக்கும் என்று கருதிவிடக் கூடாது. கழுத்தை அசைத்தால் வலி மாறுகிறதா, கையை அசைத்தால் மாறுகிறதா, எதை அசைத்தாலும் மாறாமல் நடந்தால் மட்டும் கூடுகிறதா என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொன்னால் நோயறிதல் எளிதாகும்.

உடல் தோரணை குறித்த உண்மை

தலையைக் குனியும்போது கழுத்துத் தசைகளின் சுமை கூடுகிறது. 2014-ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கீட்டு ஆய்வு, தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மீது ஏறத்தாழ 27 கிலோ சுமைக்கு நிகரான விசை செயல்படும் என மதிப்பிட்டது. இச்செய்தி பரவலாகப் பேசப்பட்டதால், குனிந்தாலே கழுத்து கெட்டுவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த எண் கணித மாதிரி ஒன்றிலிருந்து பெறப்பட்டது. குனிபவர் அனைவருக்கும் நோய் வரும் என்பது அதன் பொருளன்று. குனிவதற்கு ஏற்றவாறே கழுத்து அமைந்துள்ளது.

கழுத்துக்குத் தீங்கு செய்வது பெரும்பாலும் ஒரே நிலையில் நீண்ட நேரம் அசையாதிருப்பதும், பழக்கமில்லாத சுமையைத் திடீரென ஏற்றுவதும்தான். நிமிர்ந்து விறைப்பாக 3 மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கும் கழுத்து வலி வரும். எல்லோருக்கும் எந்நேரமும் பொருந்தும் ஒரே சரியான தோரணை இல்லை. 30 நிமிடங்களுக்கு ஒருமுறை நிலையை மாற்றுவதே நல்ல தோரணை.

மேல்நோக்கிப் பார்ப்பதற்கும் இது பொருந்தும். நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோவிலில் 32 அடி உயரச் சிலையை அண்ணாந்து வணங்கும்போது முதியோர் சிலருக்குக் கிறுகிறுப்பு வரக்கூடும். வீட்டில் ஒட்டடை அடிக்கும்போதும் பரண் மேலிருந்து பொருள் எடுக்கும்போதும் இவ்வாறே நேரலாம். கழுத்தை மட்டும் பின்னுக்கு வளைக்காமல் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது, ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொள்வது ஆகியவை போதுமானவை. கிறுகிறுப்பு மீண்டும் மீண்டும் வந்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

பயிற்றுநரின் பணியில் சுமை எங்கே ஏறுகிறது

பிலாட்டீஸ் முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுப்புக் காவலில் இருந்தபோது இம்முறையை வளர்த்தெடுத்து, பின்னர் நியூயார்க்கில் கற்பித்தார். இதில் ‘நூறு’ எனப்படும் புகழ்பெற்ற பயிற்சியில், மல்லாந்து படுத்துத் தலையையும் தோள்களையும் தரையிலிருந்து உயர்த்தி, கைகளை 100 எண்ணிக்கை வரை அசைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் தலையின் எடையைக் கழுத்தின் முன்தசைகளே தாங்குகின்றன. வயிற்றுத் தசை களைத்ததும் தாடையை முன்னே நீட்டிச் சமாளிப்பது பொதுவான தவறு.

மாணவர் இதை ஒருமுறை செய்கிறார். பயிற்றுநரோ செய்து காட்டிக்கொண்டே பேசுகிறார். பேசிக்கொண்டே தலையைத் திருப்பி மாணவர்களைக் கவனிக்கிறார். ஒரு வகுப்பில் 10 முறை இவ்வாறு தலையைத் தூக்கித் திருப்பினால், நாளொன்றுக்கு 4 வகுப்புகள் நடத்துபவருக்கு அது 40 முறை ஆகிறது. வாரத்தில் 6 நாட்கள் என்றால் 240 முறை. இது அவருடைய சொந்தப் பயிற்சிக் கணக்கில் சேர்வதேயில்லை.

பயிற்றுநர்களிடம் காணப்படும் பிற காரணங்கள்:

• எப்போதும் ஒரே பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், செய்து காட்டுதல்.
• மாணவரின் உடலைக் குனிந்து பிடித்துத் திருத்துதல். உடல் எடை மிக்கவரைத் தாங்குதல்.
• கைகளை ஊன்றி உடல் எடையைத் தாங்கும் நிலைகளை நாளில் பலமுறை செய்தல்.
• இணையவழி வகுப்புகளில் தரையில் வைத்த கைப்பேசியைப் பார்க்கக் கழுத்தை வளைத்தல்.
• விரிப்புகள், உருளைகள், பந்துகள் கொண்ட பையை ஒரே தோளில் மாட்டி இரு சக்கர வாகனத்தில் செல்லுதல்.
• காலை 5 மணிக்கு உடலைச் சூடேற்றாமல் நேரே முதல் வகுப்பைத் தொடங்குதல்.

பொதுவான பாதிப்புகள்

தசை சார்ந்த கழுத்து வலி: மிகப் பொதுவானது. பிடரியிலும் தோள்மேட்டிலும் இறுக்கம், ஒரு பக்கம் திரும்ப இயலாமை, சிலருக்குத் தலையின் பின்புறம் வலி ஆகியன இருக்கும். கை மரத்துப்போகாது, வலுவும் குறையாது. பெரும்பாலோருக்குச் சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் தணியும்.

கழுத்தெலும்புத் தேய்மானம்: எக்ஸ்ரே அறிக்கையில் இச்சொல்லைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். 60 வயதுக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோருக்கு, வலி இல்லாதவர்களுக்கும்கூட, இம்மாற்றம் காணப்படும். நரைமுடி போல இதுவும் வயதின் அடையாளம். தேய்மானம் இருக்கிறது என்பதற்காக உடற்பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. அதே நேரத்தில் எல்லா அறிகுறிகளையும் தேய்மானம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

நரம்பு வேர் அழுத்தம்: வட்டு பிதுங்குவதாலோ எலும்பு வளர்ச்சியாலோ நரம்பு அழுத்தப்படும்போது, கழுத்திலிருந்து கைக்கு மின்னல்போல் வலி பாயும். கட்டைவிரல் மரத்தால் ஆறாம் நரம்பும், நடுவிரல் மரத்தால் ஏழாம் நரம்பும், சுண்டுவிரல் மரத்தால் எட்டாம் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். கையைத் தலைமேல் வைத்தால் சிலருக்கு வலி குறையும். பெரும்பாலோர் அறுவை சிகிச்சையின்றி 6 முதல் 12 வாரங்களில் தேறுவர். ஆனால் கையின் வலு குறைந்தால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

தண்டுவட அழுத்தம்: இதுவே தவறவிடக் கூடாத பாதிப்பு. பல நேரங்களில் இதில் வலி மிகக் குறைவாகவே இருக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாமை, சோற்றைப் பிசைந்து உண்பதில் தடுமாற்றம், கையெழுத்து மாறுதல், நடக்கும்போது கால் தள்ளாடுதல், செருப்பு தானாகக் கழன்றுபோதல், கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன இதன் அறிகுறிகள். முதியோரிடம் இவற்றை ‘வயதாகிவிட்டது’ என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். இழந்த செயல்திறன் முழுமையாகத் திரும்பாமல் போகலாம் என்பதால், தொடக்கத்திலேயே கண்டறிவது இன்றியமையாதது.

சுழற்றுத் தசை நாண் பாதிப்பு: கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது 60 முதல் 120 பாகை வரையிலான இடைப்பகுதியில் வலி மிகும். அந்தப் பக்கம் படுத்தால் உறக்கம் கலையும். கைகளை ஊன்றும் பயிற்சிகளை மிகுதியாகச் செய்யும் பயிற்றுநர்களுக்கு இது வரலாம். விழுந்த பின் கையை உயர்த்தவே முடியவில்லை என்றால் நாண் கிழிந்திருக்கக்கூடும்.

உறைதோள்: தோளைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகுவதால் ஏற்படுவது. 40 முதல் 60 வயதுவரை உள்ளோருக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் மிகுதியாக வருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு கூடுதல்; தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வரலாம். தலை பின்ன முடியாது. ரவிக்கையின் பின் கொக்கியை மாட்ட இயலாது. பிறர் கையைப் பிடித்து உயர்த்தினாலும் உயராது. முதலில் வலியும், பின்னர் இறுக்கமும், இறுதியில் மெல்லத் தளர்வும் என மூன்று கட்டங்களில் 1 முதல் 3 ஆண்டுகள் வரை நீடிக்கலாம். வலிக் கட்டத்தில் கையை வலுக்கட்டாயமாக இழுத்து நீட்டுவது தீங்கு செய்யும். காரணமின்றித் தோள் இறுகியவர்கள் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு இருப்பதே சிலருக்கு இதனால்தான் தெரியவருகிறது.

தலைகீழ் நிலைகளும் முதியோரும்

சிரசாசனத்தில் உடல் எடையின் ஒரு பகுதி கழுத்தெலும்புகளின்மீது இறங்குகிறது. சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றிலும், பிலாட்டீஸ் முறையில் கால்களைத் தலைக்குப் பின்னே கொண்டு செல்லும் பயிற்சியிலும் கழுத்து மிகுதியாகக் குனிந்த நிலையில் எடையைத் தாங்குகிறது.

கண்களையும் கருத்தில் கொள்ள வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பயில்வோரிடம் மேற்கொண்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காக உயர்வது கண்டறியப்பட்டது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இத்தகைய நிலைகளைத் தவிர்க்க வேண்டும்.

மேலும் எலும்பு மெலிவு, கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தம், முன்னர் ஏற்பட்ட பக்கவாதம், விழித்திரை பாதிப்பு, முடக்குவாத மூட்டழற்சி, கழுத்தில் நரம்பு அழுத்தம் ஆகியவை உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவு அறிகுறியின்றியே இருக்கக்கூடும். சுவரில் கால்களைச் சாய்த்து மல்லாந்து படுக்கும் எளிய நிலையைப் பெரும்பாலான முதியோர் மாற்றாகக் கொள்ளலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இதற்கும் கண் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இத்தனை ஆண்டுகளாகச் செய்து வருகிறேன் என்பது இனியும் செய்யலாம் என்பதற்குச் சான்றாகாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

பின்வருவன தோன்றினால் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்:

• இடத் தோள், கை, தாடை ஆகியவற்றில் வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல்.
• முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், இரட்டைப் பார்வை.
• கழுத்தை முறுக்கிய பின் இதுவரை இல்லாத கடும் கழுத்து வலி அல்லது தலைவலி.
• விபத்து அல்லது விழுதலுக்குப் பின் கழுத்து வலி. இந்நிலையில் கழுத்தை அசைக்காமல் படுக்க வைக்கவும்.
• கடும் காய்ச்சலுடன் கழுத்தைக் குனிய இயலாத விறைப்பு.

பின்வருவன இருந்தால் ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைக் காணவும்:

• கை வலு குறைதல், நடையில் தள்ளாட்டம், பொருட்கள் கை நழுவுதல். இவை விரைவாகக் கூடினாலோ, சிறுநீர், மலம் அடக்க இயலாமற்போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
• இரவில் ஓய்வெடுத்தாலும் தணியாத வலி. காரணமின்றி எடை குறைதல்.
• மாலைக் காய்ச்சல், இரவு வியர்வையுடன் தொடரும் கழுத்து வலி. முதுகெலும்புக் காசநோய் இவ்வாறு வெளிப்படலாம்.
• முன்னர் புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் கழுத்து வலி.

பரிசோதனையும் சிகிச்சையும்

மேற்கூறிய அறிகுறிகள் இல்லாதபோது, புதிதாக வந்த கழுத்து வலிக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் பெரும்பாலும் தேவையில்லை. வலு குறைதல், தண்டுவட அழுத்த ஐயம், அல்லது சிகிச்சைக்குப் பின்னும் 6 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கை வலி ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும்.

முழு ஓய்வு தேவையில்லை. வலியைக் கூட்டும் செயலை மட்டும் சில நாட்கள் குறைத்து, அன்றாட வேலைகளைத் தொடர்வது நல்லது. சூடான ஒத்தடம் தசை இறுக்கத்தைத் தணிக்கும். கழுத்துப் பட்டையை மருத்துவர் கூறாமல் நீண்ட நாட்கள் அணிந்தால் தசைகள் வலுவிழக்கும்.

வலி நிவாரணி மாத்திரைகளைக் கடையில் தாமாகவே வாங்கித் தொடர்ந்து உட்கொள்ளக் கூடாது. சிறுநீரக நோய், வயிற்றுப் புண், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களுக்கும் இவை கடும் தீங்கு விளைவிக்கலாம். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை உயரக்கூடும் என்பதால் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

நெட்டி முறித்தல் வேண்டாம்

முடி திருத்திய பின் கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறித்துக்கொள்வது நம்மிடையே பழக்கத்தில் உள்ளது. சுளுக்கு எடுப்பது என்ற பெயரிலும் கழுத்தை வேகமாக முறுக்குகின்றனர். அரிதாகவே எனினும், இவ்வாறு செய்யும்போது கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்படலாம். எண்ணெய் தடவி மென்மையாக நீவுவதில் பெரும்பாலும் தீங்கில்லை. கழுத்தை முறுக்க மட்டும் இடம் தராதீர்கள்.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள்

மேலே கூறிய ஆபத்து அறிகுறிகள் இல்லாதவர்கள் இவற்றைச் செய்யலாம். பயிற்சியின்போது சிறு வலி இருப்பது இயல்பு. அது 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் தணிய வேண்டும். தணியாவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கவும்.

1. தாடை அசைவு: மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், ‘ஆம்’ என்பதுபோல் தாடையை மெல்லக் கீழிறக்கவும். 5 முதல் 10 விநாடிகள் வைத்துத் தளர்த்தவும். 10 முறை. கழுத்தின் ஆழ்தசைகள் வலுப்பெறும்.
2. தோள்பட்டை இணைப்பு: அமர்ந்து, தோள்களை உயர்த்தாமல், இரு தோள்பட்டைகளையும் பின்னே நெருக்கி 5 விநாடிகள் வைக்கவும். 10 முறை.
3. சுவர் ஏற்றம்: சுவரைப் பார்த்து நின்று, முன்கைகளைச் சுவரில் வைத்து மெல்ல மேலே நகர்த்தவும். தோள் காதை நோக்கி எழத் தொடங்கும் இடத்தில் நிறுத்தவும். 10 முறை.
4. ஊசல் அசைவு: வலியில்லாத கையை மேசையில் ஊன்றிச் சற்றே குனிந்து, வலியுள்ள கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக 1 நிமிடம் அசைக்கவும். உறைதோளுக்கு ஏற்றது.
5. கழுத்துத் திருப்பம்: இடமும் வலமும் இயன்றவரை மெல்லத் திருப்பவும். பக்கத்துக்கு 5 முறை.

நாளுக்கு இருமுறை, 6 வாரங்கள் தொடர்ந்தால் பலன் தெரியும்.

பயிற்றுநர்களுக்கு

• செய்து காட்டுவதைக் குறைத்து, சொற்களால் வழிநடத்தவும். பழகிய மாணவர் ஒருவரை முன்னின்று செய்யச் சொல்லலாம்.
• காட்டும்போது பேச வேண்டாம். பேசும்போது எழுந்து நிற்கவும். படுத்தபடி தலையைத் திருப்பி மாணவர்களைப் பார்ப்பதைத் தவிர்க்கவும்.
• இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் நாள் விட்டு நாள் மாற்றவும்.
• வகுப்பில் செய்து காட்டியவற்றையும் அன்றைய உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கவும்; வாரத்தில் 1 நாள் முழு ஓய்வு கொள்ளவும்.
• இணையவழி வகுப்பில் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தவும்.
• புதிய மாணவரிடம் வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், எலும்பு மெலிவு, கை மரத்தல் ஆகியவற்றை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளவும்.
• கழுத்து வலியுள்ள மாணவருக்குத் தலையைத் தரையிலோ மெல்லிய தலையணையிலோ வைத்தபடியே வயிற்றுப் பயிற்சி அளிக்கவும்.
• உங்களுக்கு வலி இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் காணவும். உங்கள் வலியை நீங்களே திருத்திக்கொள்ள முயன்று கூடுதல் நீட்சிகள் செய்வது பல நேரங்களில் வலியை வளர்க்கும்.

பராமரிப்பவர்களுக்கு

முதியவர் பொத்தான் போடுவதிலும், உண்பதிலும், நடப்பதிலும் மாற்றம் தெரிகிறதா என்று கவனியுங்கள். உறைதோள் உள்ளவர் சட்டை அணியும்போது வலியுள்ள கையை முதலில் நுழைக்கவும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவும். கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். முதுகில் கை கொடுத்து எழ உதவுங்கள். அன்றாடம் பயன்படும் பாத்திரங்களை மேல் அலமாரியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மாற்றி வையுங்கள். தலையணை, மல்லாந்து படுத்தால் தாடை மார்பை நோக்கி இறங்காத உயரத்தில் இருக்க வேண்டும்.

சிகிச்சை பெறும் இடங்கள்

முதலில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். நங்கநல்லூர் பகுதி பெருநகர சென்னை மாநகராட்சியின் ஆலந்தூர் மண்டலத்தைச் சேர்ந்தது. இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகளை அங்கேயே செய்துகொள்ளலாம். உயர் சிகிச்சை தேவைப்பட்டால், 2023 ஜூனில் கிண்டியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனைக்கும், கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கும் பரிந்துரைக்கப்படலாம். முதியோருக்கென கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டுள்ளது.

வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இல்லத்திலேயே இயன்முறை சிகிச்சை வழங்கப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• பெரும்பாலான கழுத்து, தோள் வலிகள் சில வாரங்களில் தணிபவை. அசைவே அவற்றுக்கு மருந்து.
• கை வலு குறைதல், நடைத் தள்ளாட்டம் ஆகியவை வயதின் விளைவு என்று விட்டுவிடத் தக்கவை அல்ல.
• தோள் காரணமின்றி இறுகினால் சர்க்கரையைப் பரிசோதிக்கவும்.
• கழுத்தை முறுக்கி நெட்டி எடுக்க வேண்டாம்.
• பயிற்றுநரின் உடலும் சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் உரியது. வலியைச் சொல்வது திறமைக் குறைவன்று.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா.